உப்புக்காற்றின் மேல் பழி

நீலத்திரை மறுபடியும் வந்துவிட்டது.

வைஃபை குறி நிறைந்த அடுத்த நொடி, சோகமுகம் ஒன்றைக் காட்டிவிட்டு லேப்டாப் செத்துப்போனது. காலையிலிருந்து இதே கூத்துதான்.

“ஏளா எமில்டா, உப்புக்காத்து தின்னுட்டு. இனி அது எந்திரிக்காது, தூக்கிக் கடல்ல போடு” என்றார் அப்பா.

எங்கள் கடற்கரையில் எது கெட்டாலும் பழி உப்புக்காற்றின் மேல்தான். ஃபிரிட்ஜ் நின்றாலும் அதுதான், சைக்கிள் செயின் அறுந்தாலும் அதுதான். தூத்துக்குடியில் ரிப்பேர் கடைக்காரரும் லேப்டாப்பைத் திறந்துகூடப் பார்க்காமல் அதையே சொன்னார். நானும் நம்பினேன். நனைந்த போனைப் போட்டு வைப்பது போல, ராத்திரி முழுக்க அதை அரிசி வாளிக்குள் புதைத்து வைத்தேன். இப்போது சாய்க்கும்போதெல்லாம் கீபோர்டிலிருந்து அரிசி உதிர்கிறது.

இன்னும் கொஞ்ச நேரத்தில் என் பெயரைக் கூப்பிடுவார்கள்.

புதிய கப்பல் தளத்துக்காகத் தோண்டுகிற மண்ணை எங்கள் கடலில் கொட்டலாமா என்று ஒரு அரசுக் குழு இணையத்தில் கூட்டம் போட்டுக் கருத்துக் கேட்கிறது. கொட்டப்போகிற இடத்தில் சங்கும் இல்லை, சிப்பியும் இல்லை, வெறும் மணல்தான் என்று தளம் கட்டுகிற கம்பெனியின் அறிக்கை சொல்கிறது. அங்கேதான் ஒத்தப்பனைப் பார் இருக்கிறது. அப்பா வாலிப வயதிலிருந்து சங்கு குளிக்கிற பாறைத் திட்டு.

அப்பாவோடு சங்கு குளிக்கிற சேக்காளிகள் கடலுக்கடியில் இறங்கி எடுத்த வீடியோ லேப்டாப்பில் இருக்கிறது. பேச்சும் வீடியோவும் சேர்ந்து ஓட என் போன் தாங்காது.

போன கூட்டத்திலும் என் பெயரைக் கூப்பிட்டபோது இந்த நீலத்திரைதான் வந்தது. ‘இணைப்பில் இல்லை, எனவே ஆட்சேபனை இல்லை’ என்று எழுதிக்கொண்டு அடுத்த பெயருக்குப் போய்விட்டார்கள். சண்டை போட்டுத்தான் இந்த ஒரு வாய்ப்பைத் திரும்ப வாங்கினேன்.

எனக்கா ஆட்சேபனை இல்லை? என் உடம்பெல்லாம் ஆட்சேபனை.

என் போன் ஹாட்ஸ்பாட்டில் இருந்தது. அப்பாவின் பட்டன் போனை எடுத்தேன். அதில் ரெக்சனின் நம்பரை அவர் இன்னும் அழிக்காமல் வைத்திருந்தார்.

ரெக்சன் என் தம்பி. கம்ப்யூட்டரில் அவனுக்குத் தெரியாதது கிடையாது. அப்பா அவனோடு பேச்சை முறித்து இரண்டு வருடம் ஆகிறது. வீட்டில் அவன் பெயரை எடுத்தாலே சோற்றுத் தட்டை விட்டு எழுந்துவிடுவார். நான் அவர் முகத்துக்கு நேராகவே அந்த நம்பரை அழுத்தினேன்.

முதல் மணியிலேயே எடுத்தான்.

“அப்பா?”

நான்தான் என்று சொல்லி, நடந்ததையெல்லாம் கொட்டினேன். எதற்காக அவசரம் என்று அவன் கேட்கவில்லை. தாழ்ந்த குரலில் பேசினான். கழிவறைக்குள் நின்று பேசுவது போல எதிரொலித்தது. வைஃபை இல்லாமல் ஆன் செய்தால் அணையாமல் இருக்கிறதா என்று மட்டும் கேட்டான்.

இருந்தது. நேற்றெல்லாம் வைஃபை இல்லாமல் அந்த வீடியோவைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு தடவைகூட அணையவில்லை. அது எனக்கு உறைக்கவே இல்லை.

“அப்ப உப்புக்காத்து இல்லக்கா. அப்டேட்டுல வந்த வைஃபை டிரைவர் சாஃப்ட்வேர் சரியில்ல. ஹாட்ஸ்பாட்டை அணைச்சிட்டு லேப்டாப்பை ஆன் பண்ணு. டிவைஸ் மேனேஜர்ல போயி வைஃபைய டிசேபிள் பண்ணு. பொறவு போனைக் கேபிள்ல மாட்டி யுஎஸ்பி டெதரிங் போடு. நெட் கேபிள் வழியா வந்துரும்.” கொஞ்சம் நிறுத்தினான். “அரிசிக்குள்ள போட்டியா?”

நான் கீபோர்டில் ஒட்டியிருந்த அரிசியைத் தட்டிவிட்டேன். சிரித்தானோ என்னவோ, வைத்துவிட்டான்.

சொன்னதைச் சொன்னபடி செய்தேன். இணைப்பு வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு திரையையே பார்த்தேன். நீலம் வரவில்லை. அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், நான் பேசி முடித்து அவர் போனை என் மடியில் வைத்த பிறகும்.

என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

கோவில் கோபுரமும் ஒற்றைப் பனையும் ஒரே கோட்டில் வருகிற இடத்தில் படகை நிறுத்திப் பாருங்கள், கீழே பார் இருக்கும் என்றேன். வீடியோவை ஓட்டினேன். பாறை, சிப்பிக் கூட்டம், சங்கை அள்ளுகிற ஒரு கை. என் தம்பி முதல் சங்கோடு மேலே வந்து மூச்சு விட்டதும் அங்கேதான் என்றேன். இந்த அறிக்கை பொய், அது பொய்யென்று எழுதியவர்களுக்கே தெரியும் என்றேன். ஒரு வார்த்தையைக்கூட நான் குறைக்கவில்லை. எதற்குக் குறைக்க வேண்டும்?

குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். அறிக்கையைத் தயாரித்தவர் இருக்கிறாரா, வெறும் மணல்தான் என்று இப்போதும் சொல்கிறாரா என்று கேட்டார்.

கம்பெனிக்காரர்களின் கட்டம் திரை நிறைய விரிந்தது. இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் கம்பெனி அட்டை.

ரெக்சன்.

அப்பா பேச்சை முறித்ததே அவன் அந்தக் கம்பெனியில் சேர்ந்ததால்தான். அவன் அந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருப்பான் என்று தெரிந்துதான் போன் போட்டேன். யாரை எதிர்த்துப் பேச அந்த லேப்டாப்பை எழுப்புகிறேன் என்று அவனுக்கும் தெரியும்.

எனக்குப் பின்னால் அப்பா எழுந்து நின்றார்.

“இல்ல சார்” என்றான் ரெக்சன். “அங்க பார் இருக்கு.”

பக்கத்திலிருந்தவர் அவன் தோளைப் பிடித்து இழுத்தார். மைக் அணைந்தது. இனி அவனுக்கு அங்கே வேலை இருக்காது. போகட்டும்.

அப்பா என் மடியிலிருந்த பட்டன் போனை எடுத்து, அந்த நம்பரை அழுத்தினார்.

திரையில் ரெக்சனின் கை சட்டைப் பைக்குள் போனது.