மூடாத கியர் பாக்ஸ்

"உன் புருஷன் மேல செத்துப்போன அவங்க அண்ணன்தான் இறங்கியிருக்கார். நான் சொல்றதைக் கேளு, பெட்டியைக் கட்டிக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிடு."

பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு மேல் தலையை நீட்டிச் சொன்னாள்.

"சும்மா இருங்கக்கா" என்று சொல்லிவிட்டாளே தவிர, அந்தப் பேச்சை அவளால் தள்ளிவிட முடியவில்லை. அந்த அக்காவுக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். ஆனால் கண்ணில் கோளாறு இல்லையே!

மூத்தவர் போய்ச் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. கல்யாணம் காட்சி எதுவும் வேண்டாம், டிராக்டரே கதி என்று இருந்த மனுஷன். வீட்டு ஷெட்டில் கியர் பாக்ஸைப் பிரித்துப் போட்டுவிட்டுக் கை கழுவ வந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அவ்வளவுதான்.

அந்தக் கியர் பாக்ஸைத்தான் இப்போது அவள் புருஷன் கட்டிக்கொண்டு அழுகிறான்.

செய்யட்டும், யார் வேண்டாமென்றது? அதற்காக அண்ணன் சட்டையைப் போட்டுக்கொண்டா செய்வது? அண்ணன் செருப்பை ஷெட் வாசலில் விட்டுவிட்டா உள்ளே போவது? அண்ணனுடைய வறட்டு இருமல்கூட இப்போது இவன் தொண்டையிலிருந்து வருகிறது.

நேற்று அவள் கண்ணாலேயே பார்த்தாள். பல்சக்கரம், பேரிங் எல்லாம் மாட்டி, மூடியை முடுக்கி, ஆயில்கூட ஊற்றிவிட்டான். அப்பாடா, விட்டது தொல்லை என்று நினைத்தாள். இன்று காலையில் போய்ப் பார்த்தால், மறுபடி எல்லாம் சாக்கின் மேல் பிரிந்து கிடக்கிறது!

"ஏங்க, நேத்துதானே மூடினீங்க?"

"சரியா உக்காரலை." அவன் அவள் முகத்தைப் பார்க்கவேயில்லை.

வேலைக்கும் போவதில்லை. வண்டியை அப்படியே வாங்கிக்கொள்ள வந்த ஆளையும் விரட்டிவிட்டான்.

மத்தியானம் மாமனாருக்குச் சாப்பாடு போடும்போதே அவள் முடிவு செய்துவிட்டாள். இன்றைக்கு அவன் அந்த வேலையை விடவில்லை என்றால், நாளைக்கு அவள் இங்கே இல்லை. பைத்தியத்தோடுகூடக் குடித்தனம் பண்ணிவிடலாம், செத்தவரோடு எப்படிப் பண்ணுவது?

மாமனார் பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுதான் மூத்தவர் போனது. மாமனாரை வீட்டுக்குக் கூட்டிவந்த அன்று, "அப்பாகிட்ட நானே சொல்லிக்கிறேன்" என்று இவன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டான். வெளியே வந்தபோது கண்ணெல்லாம் கோவைப்பழம். அதற்குப் பிறகு அவர் முன்னால் யாரும் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. அவரும் ஷெட்டை ஒட்டிய சுவரைப் பார்த்தபடியே படுத்திருப்பார்.

தட்டை எடுத்துக்கொண்டு ஷெட் வழியாக நடந்தவள், அப்படியே நின்றுவிட்டாள்.

"பெரியவனே... முடிஞ்சுதாடா?" சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மாமனார்.

டிராக்டருக்கு அடியிலிருந்து பதில் வந்தது. செத்தவர் குரல். அதே கரகரப்பு, அதே இழுவை.

"இன்னும் கொஞ்சம்தான்ப்பா..."

தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். கிரீஸ் படிந்த மூத்தவர் சட்டை மட்டும் தெரிந்தது. அது மெல்ல அவள் பக்கம் திரும்பியது.

அவள் புருஷன்தான். கன்னமெல்லாம் கண்ணீர்.

விரலை வாயில் வைத்து 'உஸ்' என்றவன், அவளை வீட்டுக்குப் பின்னால் இழுத்துப் போனான்.

"அன்னைக்குச் சொல்லத்தான் போனேன். நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள, 'பெரியவன் ஷெட்லயா இருக்கான்?'னு கேட்டார். ஆமாப்பான்னுட்டேன். வேலையில உக்காந்தா அண்ணன் எழுந்திரிக்காதுன்னு அவருக்குத் தெரியும். ஆனா வேலை முடிஞ்சுட்டா, 'ஏன் என்னைப் பார்க்க வரலை'ம்பாரே... அதான் மூடி மூடிப் பிரிக்கிறேன். அண்ணன் சட்டையும் செருப்பும் போட்டாத்தான் எனக்கு அந்தக் குரலே வருது."

"அய்யோ, என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேங்க!"

"சொன்னா நீயும் அழுதுடுவே. அவர் கண்டுபிடிச்சிடுவார்."

இந்த மனுஷனையா விட்டுவிட்டுப் போகப் பார்த்தோம் என்று அவளுக்கு வெட்கமாகிவிட்டது. முகத்தைக் கழுவிக்கொண்டு மாமனார் அறைக்குள் போனாள். ஷெட்டில் மறுபடியும் டங், டங்கென்று சத்தம் கிளம்பியது.

"அழுதியாம்மா?"

"இல்லையே மாமா. வெங்காயம் அரிஞ்சேன்."

"சின்னவன் சொல்லிட்டானாக்கும்."

அவள் தலையணையைச் சரிசெய்வது போலக் குனிந்தாள். மாமனார் நல்லாயிருந்த கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். குரலை இறக்கினார்.

"பெரியவன் பேரிங்கை ஒருநாளும் இரும்பால அடிக்க மாட்டான்மா. மரக்கட்டையை வச்சு மெதுவாத்தான் தட்டுவான். நான் இங்க வந்து படுத்த அன்னைக்கே டங்குன்னு கேட்டுது. அவன் உசுரோட இருந்தா, அவன் வண்டியில வேற ஒருத்தன் கை வைக்க விடுவானா? அப்பவே தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சுமா மாமா தினம் கூப்பிடுறீங்க?"

"அண்ணன்னா அவனுக்கு உசுரு. போயிட்டான்னு அவன் வாயால என்கிட்ட சொல்ல வச்சா, அந்தப் பய உடைஞ்சே போயிடுவான். தாங்கிக்கிற அளவுக்கு அவன் தேறட்டும். நீ எதுவும் காட்டிக்காதே."

கண்ணைத் துடைத்துக்கொண்டவர், சுவர் பக்கம் முகத்தைத் திருப்பிக் குரலை உயர்த்தினார்.

"பெரியவனே, அவசரம் ஒண்ணுமில்லைடா... மெதுவாவே செய்!"