பழைய குரல்

"மாசக்கணக்கா பயிற்சி எடுக்கறீங்க, இவெலிஸ். ஆனா ஒவ்வொரு தடவையும் குரல் பழையபடி இறங்கிடுதே! எங்கேயோ இன்னும் ஆம்பளைக் குரல்ல பேசறீங்க, சரியா?"

மயாகுவெஸ் நகர முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் திருநங்கைகளுக்குக் குரல் பயிற்சி தரும் சொரைதா சலித்துக்கொண்டாள்.

"சார்ஜெண்டா இருந்து பசங்களை அதட்டின தொண்டை, மேடம். லேசுல மறக்குமா?" இவெலிஸ் சிரித்து மழுப்பினாள்.

"இந்தச் சிகிச்சைக்கு வருஷக்கணக்கா நடையா நடந்தது நீங்கதானே? அந்தக் குரலைக் கேட்டாலே செத்துடலாம் போல இருக்குன்னு அழுதீங்களே! இனி யாருக்காகவும் அதை எடுக்காதீங்க."

இவெலிஸ் தலையாட்டிவிட்டு வந்தாள்.

மாலையில் வீட்டில், மறதி முற்றிப்போன தன் தாய் ஹெர்மினியாவுக்குக் கோழிக் கஞ்சி ஊட்டித் தலை வாரிவிட்டாள்.

"நீ நல்லா இருப்பேம்மா. யாரு பெத்த பொண்ணோ!" என்ற கிழவியின் முகம் உடனே வாடியது. "எம் பையன் இன்னும் போன் பண்ணலியே. பட்டாளத்துல அவனுக்கு என்ன ஆச்சோ..."

இவெலிஸ் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். கைபேசியை எடுத்துத் தொண்டையைச் செருமிக்கொண்டாள். கிழவியின் கட்டிலருகே மணி அடித்தது.

"அம்மா, எஃப்ராயின் பேசறேன். நல்லா இருக்கேம்மா." கனத்த ஆண்குரல்.

"கூப்பிட்டுட்டியா ராசா! இங்க ஒரு பொண்ணு என்னை உள்ளங்கையில வச்சுப் பாத்துக்கறாடா. லீவுல வந்ததும் அவளையே கட்டிக்கோ. என்ன?"

"சரிம்மா" என்றவள் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

அழுகை மட்டும் இவெலிஸின் குரலில்தான் வந்தது.