மயிரிழை கூடுதல்

பட்டறை வாசலில் அக்காவின் பழைய டிராக்டர், என்ஜினைப் பறிகொடுத்துவிட்டு வாயைப் பிளந்து நிற்கிறது. வெயில் விழும் மேசையில் மூன்று புதிய பிஸ்டன்கள் பளபளக்கின்றன. அளவு சேராமல் இரண்டு முறை திருப்பி அனுப்பி, மூன்றாவது தடவையாக வந்தவை. மெக்கானிக் தம்பி மூச்சைப் பிடித்துக்கொண்டு மைக்ரோமீட்டரைத் திருகுகிறான். முகம் சுண்டிப்போகிறது. "இதுவும் மயிரிழை பெருசுக்கா. போட்டா இறுகிடும். திருப்பிடலாம்." நாளைக்கு உழவு வைத்திருக்கும் அக்கா பிஸ்டனை எடுக்கிறாள், எடுத்த வேகத்தில் கை மாற்றுகிறாள். "டேய், அடுப்பு மாதிரி சுடுது! காலையிலேர்ந்து வெயில்ல காயப்போட்டுட்டு அளந்தா, அது வீங்காம என்ன செய்யும்?" தம்பி நாக்கைக் கடித்துக்கொள்கிறான். பிஸ்டன் உள்ளே மின்விசிறிக்கு அடியில் போய் உட்கார்கிறது. ஆளுக்கு ஒரு தேநீர் குடித்து முடித்து மறுபடி அளக்கிறான். கோடு கோட்டோடு பொருந்துகிறது. எண்ணெய் பூசிய சிலிண்டரின் வாயில் வைத்துக் கட்டைவிரலால் தொடுகிறான். பிஸ்டன் அவசரமே இல்லாமல் வழுக்கி இறங்குகிறது. "கச்சிதம்க்கா!" என்று கத்தியபடி வெளியே ஓடி வருகிறான். மேசையில் மிச்சமிருக்கும் இரண்டு பிஸ்டன்களுக்கும் தன் குடையை விரித்துப் பிடித்தபடி, அக்கா உச்சி வெயிலில் நின்று சிரித்துக்கொண்டிருக்கிறாள்.