சித்தப்பன் ஊட்டுச் சோறு

"வேண்டாம் அம்மணி, ஊட்டுக்கே திரும்பிப் போயிரலாம்."

மகளிர் காவல் நிலையத்துக்கு எதிரே பைக்கை நிறுத்தியும் கிருபாசங்கர் எஞ்சினை அணைக்கவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த லோகப்பிரியா எட்டிச் சாவியைத் திருப்பினாள்.

"இறங்குங்க மாமா."

"சித்தப்பன் மேல புகார் குடுத்தா சொந்தத்துல ஒருத்தன் நம்புவானா? அஞ்சு வருசம் அவரு ஊட்டுச் சோத்தைத் தின்னு படிச்சவன் நானு."

"தெரியும்."

"நம்ம கல்யாணத்துக்கே அவருதான் முன்னால நின்னாரு."

"ஆமா, மாலை எடுத்துக் குடுத்தாரு. அன்னைக்கே தெரிஞ்சிருந்தா அந்தக் கையால வாங்கியிருக்க மாட்டேன்."

கிருபாசங்கர் சாலையைப் பார்த்தான். மேட்டுப்பாளையம் பஸ் ஒன்று ஹாரன் அடித்தபடி கடந்து போனது.

"இத்தனை நாள் ஏன் வாயைத் தொறக்கலைன்னு கேப்பாங்க."

"பயமா இருந்துச்சுன்னு சொல்றது. அதுல என்ன தப்பு?"

"கோர்ட்டுல வக்கீலு திருப்பித் திருப்பி அதையே கேப்பான். நாலு பேரு முன்னால."

"நானும் அந்த நாலு பேருல ஒருத்தியா நிக்கறேன்."

"அப்பா காதுக்குப் போச்சுன்னா?"

"உங்கப்பா ரெண்டு நாளைக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவாரு. மூணாம் நாள் என்ர கொள்ளு ரசத்துக்குத் தட்டோட வந்துருவாரு."

அவன் உதடு சிரிக்கப் பார்த்தது, முடியவில்லை. அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"மே லீவுக்கு உங்க கதிரேசன் அண்ணன் கொளந்தைங்க வெள்ளகோவிலுக்குப் போகுதுங்க மாமா. சித்தப்பன் ஊட்டுக்குத்தான்."

கிருபாசங்கர் இறங்கினான்.

உள்ளே இருந்த எஸ்.ஐ.க்கு நாற்பது வயதிருக்கும். இருவரையும் உட்காரச் சொன்னார். புகார் எதைப் பற்றி என்று லோகப்பிரியா இரண்டே வார்த்தையில் சொன்னதும் அவர் முகம் இளகியது.

"பயப்படாத கண்ணு. இங்க எல்லாரும் பொம்பளைங்கதான். எதுன்னாலும் தாராளமாச் சொல்லலாம்." பிறகு கிருபாசங்கர் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்க சித்த வெளிய இருங்க. புருசன் பக்கத்துல இருந்தா பேச வராதுங்க."

அவன் சட்டென்று எழுந்து வாசலைப் பார்த்தான். அப்படி யாராவது சொல்ல மாட்டார்களா என்று காத்திருந்தவன் போல.

லோகப்பிரியா அவன் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"வேணும்னா நான் வெளிய இருக்கறனுங்க மேடம்," என்று அவள் எழப்போனாள்.

கிருபாசங்கர் அவள் விரல்களை விடவில்லை.

"இரு அம்மணி," என்றவன், எஸ்.ஐ.யை நிமிர்ந்து பார்த்தான். "அப்ப எனக்குப் பன்னண்டு வயசுங்க மேடம்."