ஆட்டத்தின் மேல் விழுந்த பழி

"இதோட அந்த மட்டையைத் தூக்கிப் பரண்ல போடச் சொல்லுங்க டாக்டர். நான் சொன்னா இவ காதுல ஏறல."

பிசியோதெரபி அறைக்குள் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவதற்குள்ளேயே கணவர் ஆரம்பித்துவிட்டார். தோள்வலி மனைவிக்கு. ஆனால் வலியைப் பற்றிப் பேசுவதெல்லாம் அவர்தான்.

"டாக்டர் சொன்னா நிறுத்துறேன். நீங்க சொல்லி நிறுத்த மாட்டேன்," என்றாள் அவள்.

"பாத்தீங்களா வாயை?"

பார்க்க என்ன இருக்கிறது? பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கி அனுப்பிவிட்டு, நாற்பத்தைந்து வயதில் தனக்கென்று அவள் வாங்கிக்கொண்ட ஒரே பொருள் அந்த ஷட்டில் மட்டை. சாயங்காலம் ஒரு மணி நேரம் ஆட்டம். அந்த நேரத்தில் அவளிடம் யாரும் சாப்பாடு கேட்பதில்லை, சாவி எங்கே என்று கேட்பதில்லை. சனிக்கிழமை பெண்கள் இரட்டையர் போட்டி வேறு. விடு என்றால் விட்டுவிடுவாளா?

பிசியோ அம்மா அவள் பக்கம் திரும்பினார்.

"ஆடுறதுக்கு முன்னாடி உடம்பைத் தளர்த்திக்கிறீங்களா?"

"கழுத்து, தோள், கெண்டைக்கால்னு எல்லாத்தையும் நீட்டி மடக்கிட்டுத்தான் கோர்ட்டுக்குள்ளயே போவேன்."

"கிழிச்சா," என்றார் கணவர். "நானும்தான் வாரம் தவறாம ஃபுட்பால் ஆடுறேன். ஒரு சுளுக்கு உண்டா, ஒரு பிடிப்பு உண்டா? என் செட்டுல பாதிப் பேர் தொடையைப் பிடிச்சுக்கிட்டு வீட்டுல கிடக்குறான். எனக்கு ஏன் ஒண்ணும் ஆகல? தினமும் காலையில ஸ்ட்ரெச்சிங். அந்த ஒழுங்கு இவளுக்குக் கிடையாது."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டாக்டர் முன்னால் எதற்கு என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"எந்தக் கையில ஆடுறீங்க?"

"வலது கை."

"வலி?"

"இடது தோள்ல. இதோ, கழுத்துக்குப் பக்கத்துல. நானும் இதைத்தான் கேக்குறேன், இந்தக் கையில நான் ஆடவே இல்லையே?"

"உடம்பு ஒண்ணுதானே? இந்தப் பக்கம் ஆடினா அந்தப் பக்கம் வாங்கும்," என்றார் கணவர். ஏதோ மருத்துவம் படித்துக் கிழித்தவர் மாதிரி.

பிசியோ அம்மா தோளை அங்கங்கே அழுத்திப் பார்த்தார். ஒரு இடத்தில் அவள் துள்ளிவிட்டாள்.

"இந்தப் பக்கம் கனமான பை மாட்டுவீங்களா? தண்ணி கேன் தூக்குவீங்களா?"

"இல்லையே."

"இது ஒரே நாள்ல வந்த வலி இல்லம்மா. தினமும் ஏதோ பாரம் இங்க ஏறுது. அது என்னன்னு தெரியாம நான் என்ன சொல்ல? பேசாம எல்லாத்தையும் நிறுத்திடுங்கன்னுதான் சொல்லணும்."

எவ்வளவு யோசித்தும் அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

கணவருக்குப் பொறுமை போய்விட்டது.

"இவ செய்றதெல்லாம் ஒரு ஸ்ட்ரெச்சிங்கா டாக்டர்? எப்படிச் செய்யணும்னு நானே காட்டுறேன். இவளும் பாத்துக்கட்டும்."

செருப்பைக் கழற்றிவிட்டு, அங்கிருந்த சிகிச்சைக் கட்டிலில் ஏறி மல்லாந்து படுத்தார். வலது காலை விறைப்பாக மேலே நீட்டினார்.

"ம், வா."

அவள் வந்தாள். தினமும் காலையில் அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு எப்படி வருவாளோ, அப்படியே வந்தாள். குனிந்து அந்தக் காலைத் தூக்கி இடது தோளில் வைத்தாள். முட்டி மடங்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தன் கனம் முழுவதையும் கொடுத்து முன்னால் தள்ளினாள்.

"இன்னும் தள்ளு, தொடை இழுக்கணும்," என்றார் அவர், சுகமாகக் கண்ணை மூடிக்கொண்டு. "பாத்தீங்களா டாக்டர்? இதான் முறை. ஒரு நாள் விட்டதில்ல."

பிசியோ அம்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அந்தக் கால் எங்கே இருக்கிறது, வலி எங்கே இருக்கிறது என்று அவளும் அப்போதுதான் பார்த்தாள்.

காலைத் தொப்பென்று கட்டிலில் போட்டாள்.

"ஏய், இன்னும் முடியல."

அவள் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இப்பச் சொல்லுங்க டாக்டர். நிறுத்த வேண்டியது யாரோட ஆட்டம்?"