முதல் தண்ணீர்

கண்ணாடி விரியன் கடித்துப் பதினேழு நாளாகியும் செங்கமலத்துக்கு ஒரு சொட்டுச் சிறுநீர் இறங்கவில்லை. கால் வீக்கம் வடிந்துவிட்டது. விஷம் மட்டும் சிறுநீரகத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. ஒருநாள் விட்டு ஒருநாள் மெஷினில் போட்டு அவள் ரத்தத்தைக் கழுவினார்கள். கட்டிலோரம் தொங்கிய மூத்திரப் பை காய்ந்தே கிடந்தது. நாளுக்கு அரை லிட்டருக்கு மேல் தண்ணீர் தரக்கூடாதென்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஊர் வயலுக்கெல்லாம் மடை திறந்துவிடுகிற அவள் புருஷன் வெள்ளைச்சாமி, பாட்டில் மூடியில் ஊற்றி அவள் நாக்கை நனைத்தார். "இன்னும் ஒரு மூடி குடுய்யா" என்று அவள் கெஞ்சும்போதெல்லாம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பதினெட்டாம் நாள் காலையில், பைக்குப் போகும் குழாயில் ஏதோ மின்னியது. விரல் நீளத்துக்கு மஞ்சளாய் ஒரு நீர், நின்று நின்று, வழி கேட்டுக்கொண்டு வருவதுபோல இறங்கியது. வறண்ட வாய்க்காலில் அணைத்தண்ணீர் வருவதை நாற்பது வருஷம் பார்த்தவர் அவர். அதுவும் இப்படித்தான், மண்ணை முகர்ந்து முகர்ந்து வரும். அந்த முதல் தண்ணீருக்கு முன்னால் அவர் ஊரில் யாரும் செருப்போடு நிற்பதில்லை. வெள்ளைச்சாமி செருப்பைக் கழற்றினார். தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். கண்விழித்த செங்கமலம், "யாருய்யா வர்றாக?" என்றாள். பையைப் பார்க்க வேகமாக வந்த நர்ஸை அவர் கைகாட்டி நிறுத்தினார்.

"செருப்பக் கழத்திட்டு வாங்கம்மா."