தூத்துக்குடியில் ஒரு கம்பளி

அண்டை நாடுகளான இரண்டு வல்லரசுகளும் நண்பர்களான பிறகு, இரு பக்கமும் ஏவுகணைத் தளங்களில் வேலை பார்ப்பவர்கள் தங்கள் பிள்ளைகளைப் பிணையாக மாற்றிக்கொண்டார்கள். எஸ்தரின் மகள் பியூலா எல்லை மலைக்கு அப்பால் அந்த நாட்டின் ஒரு பனி ஊருக்குப் போனாள். அந்த வீட்டுப் பெண் யுவே தூத்துக்குடிக்கு வந்தாள். இங்கே யுவேக்கு என்ன செய்கிறார்களோ, அதுதான் அங்கே பியூலாவுக்கும். இரண்டு வீட்டிலும் உள்ள கேமரா அதை மற்ற வீட்டுக்குக் காட்டும். அதனால் எஸ்தர் இரண்டு வருடமாக யுவேயின் தலைக்கு எண்ணெய் தேய்த்தாள், மீனில் முள் எடுத்து ஊட்டினாள். இது பாசமா என்று யாராவது கேட்டிருந்தால் அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

இன்று அவள் கணவன் சாலமோன் வேலையிலிருந்து ஒரு பூட்டோடு வந்தான்.

"ரெண்டு பக்கமும் சந்தேகம் முத்திட்டு. பிள்ளைய உள்ள வச்சுப் பூட்டிக்கலாமாம். கட்டாயமில்லையாம்."

"நாம பூட்டலன்னா அவங்களும் பூட்ட மாட்டாங்கல்லா?"

"அதுக்குள்ள ஆள் விட்டு இவளத் தூக்கிட்டுப் போயிட்டா? நம்ம கையில என்ன இருக்கும்?"

எஸ்தர் பூட்டை வாங்கிக்கொண்டாள். பரணிலிருந்து கம்பளியை இறக்கினாள். தை மாதத்திலும் ஃபேன் இல்லாமல் படுக்க முடியாத ஊர் அது. யுவேயின் அறைக்குள் போய், கேமராவுக்கு நேராக அதைப் பிரித்து யுவேயிடம் நீட்டினாள். நெற்றி வியர்க்க யுவே அதை வாங்கி, கழுத்துவரை தானே இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"பியூலாவுக்குக் குளிரும்லா, அத்த" என்றாள்.

எஸ்தர் தலையை ஆட்டினாள். வெளியே வந்து கதவைப் பூட்டினாள். பிறகு, கைப்பழக்கம், பூட்டை ஒருமுறை இழுத்தும் பார்த்தாள்.